காணவில்லை: நாம் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கடந்த பொதுக்குழுக் கூட்டத்தில், நாளிதழ் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். சம்பந்தப்பட்ட குடும்பத்தினரின் சம்மதத்துடன் வெளியிடுகிறோம்.)



லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு, பார்க்கிங் பஞ்சாயத்து எல்லாம் முடிந்து, டீ வரப்போகும் நேரத்தில் செயலாளர் என்னைப் பேச அழைத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறேன். டீ ஆறாது.

நான் ஒரு தமிழ் நாளிதழில் முப்பத்தோரு வருடம் பக்கம் கட்டும் வேலை பார்த்தவன். தினமும் என் கையைத் தாண்டிப் போன விஷயங்களில் ஒன்று ‘காணவில்லை’ விளம்பரம். தபால்தலை அளவில் ஒரு படம், அதன் கீழே நாலு வரி. மாநிறம், நடுத்தர உயரம், கட்டம் போட்ட கைலி, சற்று மனநிலை சரியில்லாதவர், தகவல் தருவோருக்குத் தக்க சன்மானம். அதே நாளிதழில் வேறொரு பக்கத்தில், மாவட்டச் செய்திகளுக்கு நடுவே இன்னொரு சின்னச் செய்தி வரும். ‘அடையாளம் தெரியாத ஆண் சடலம் மீட்பு. வயது சுமார் ஐம்பது. போலீசார் விசாரணை.’

இரண்டையும் நானே வைத்திருக்கிறேன். முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாளாவது இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேனா என்றால், இல்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். இன்றைக்கு நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

போன காலாண்டில் நம் குடியிருப்பில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஞாபக மறதி நோய் உள்ள பெரியவர் ஒருவர் காலையில் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய மகன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பேசலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் பேசுகிறேன்.

அதற்கு முன் ஒரு பழைய கதை சொல்கிறேன். கதை என்றாலும் உண்மை.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு சிற்றூர். 1968 மே 17ஆம் தேதி, மின்கம்பங்களிலிருந்து கழற்றிப் போட்ட பழைய கண்ணாடிக் குமிழ்களைப் பொறுக்குவதற்காக ஒருவர் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார். கூடாரத் துணியில் சுற்றிக் கட்டிய ஒரு மூட்டை கிடந்தது. பிரித்துப் பார்த்தால் ஒரு பெண்ணின் உடல். யார் என்று தெரியவில்லை. பதினாறிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். முகத்தை வரைந்து வெளியிட்டார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் ‘கூடாரப் பெண்’ என்றே கல்லறையில் பெயர் பொறித்தார்கள்.

சுமார் இருபது வருடம் கழித்து டாட் மேத்யூஸ் என்ற இளைஞர் இந்தச் சம்பவத்தைக் கேள்விப்படுகிறார். உடலைக் கண்டெடுத்தவரின் மகளைத்தான் அவர் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். மாமனார் சொன்ன கதை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவர் போலீஸ்காரர் இல்லை, வக்கீல் இல்லை, தொழிற்சாலைத் தொழிலாளி. வேலை முடிந்து வந்த பிறகு பழைய செய்தித்தாள்களைத் தேடினார். இணையம் வந்தபின், காணாமல் போனவர்களைத் தேடுகிறவர்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை ராத்திரி ராத்திரியாகப் படித்தார். பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1998 தொடக்கத்தில் ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. ஒரு தங்கை தன் அக்காவைத் தேடிக்கொண்டிருந்தார். 1967 கடைசியிலிருந்து அக்காவைக் காணோம். கடைசியாக இருந்த ஊர் லெக்சிங்டன்.

லெக்சிங்டனுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 20 கிலோமீட்டர். இங்கிருந்து தாம்பரம் போய் வருகிற மாதிரி.

அந்த வருடமே கல்லறையைத் தோண்டி, தங்கையின் மரபணுவோடு ஒப்பிட்டு, இருவரும் சகோதரிகள்தான் என்று உறுதி செய்தார்கள். இறந்தபோது அந்தப் பெண்ணின் வயது 24. கல்லறைக் கல்லில் அவருடைய சொந்தப் பெயரையும் பொறித்தார்கள். 30 வருடம் கழித்து.

இதில் நான் கவனித்தது மூன்று விஷயம்.

முதலாவது, இரண்டு தகவலும் இருந்தன. ஓரிடத்தில் பெயர் தெரியாத உடல், இன்னோரிடத்தில் உடல் கிடைக்காத பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மேத்யூஸ் துப்பாக்கி எடுக்கவில்லை, யாரையும் துரத்தவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார், அவ்வளவுதான். பின்னாளில் அமெரிக்க நீதித்துறையே காணாமல் போனவர்கள் பட்டியலையும் அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலையும் இணைத்து, பொதுமக்களும் தேடிப் பார்க்கும்படி ஒரு தரவுத்தளம் நடத்தத் தொடங்கியது. மேத்யூஸ் அங்கே வேலைக்கும் சேர்ந்தார்.

இரண்டாவது, வயதை நிபுணர்களே தவறாக மதிப்பிட்டிருந்தார்கள். பதினாறு, பதினெட்டு என்றால், 24 வயது அக்காவைத் தேடுகிறவருக்கு அது தன் அக்கா என்று தோன்றவே தோன்றாது. அதனால் தேடும்போது வயது, உயரம், நிறம் இவற்றைக் கறாராகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். அந்தப் பெண் வேறொருவருடன் போய்விட்டாள் என்று கணவர் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருந்தார். பிறகு சந்தேகம் அந்தக் கணவர் மேலேயே விழுந்தது. ஆனால் உண்மை வெளியே வருவதற்குப் பல வருடம் முன்பே அவர் இறந்துவிட்டார். வழக்கு நடக்கவே இல்லை. ‘ஓடிப்போய்விட்டாள்’ என்ற சொல் நம் தெருவுக்கும் புதிதில்லை. அந்த ஒரு சொல்லை ஊர் நம்பிவிட்டால் போதும், யாரும் தேட மாட்டார்கள். அடுத்த முறை ஒரு பெண்ணைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால், ‘நீங்கள் பார்த்தீர்களா? அவள் உங்களிடம் பேசினாளா?’ என்று கேளுங்கள். வம்பு பேசுவதற்காகக் கேட்க வேண்டாம், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

இன்னொன்று. 1992 ஜூன் மாதம் பெல்ஜியம் நாட்டில் ஆண்ட்வெர்ப் நகரத்து ஆறு ஒன்றில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. கொலை. யார் என்று தெரியவில்லை. கையில் பச்சை இலைகளோடு ஒரு கறுப்பு ரோஜா பச்சை குத்தியிருந்தது. 2023 மே மாதம் பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி மூன்று நாட்டுப் போலீசும் இன்டர்போலும் சேர்ந்து, இப்படிப் பெயர் தெரியாமல் கிடந்த 22 பெண்களின் விவரங்களைப் பொதுமக்கள் முன் வைத்தார்கள். பிரிட்டனில் இருந்த ஒரு குடும்பம் அந்த ரோஜாவைச் செய்தியில் பார்த்துவிட்டு, இது எங்கள் வீட்டுப் பெண் என்றது. 31 வருடம் கழித்து அவருக்குப் பெயர் கிடைத்தது.

பாருங்கள், போலீஸ் மக்களிடம் ‘கொலைகாரன் யார்?’ என்று கேட்கவில்லை. ‘இந்தப் பச்சையை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?’ என்றுதான் கேட்டது. யூரோபோல் 2017இலிருந்து இதே மாதிரி ஒரு முயற்சி நடத்துகிறது. குழந்தைகளுக்கு எதிரான குற்ற வழக்குகளில் கிடைத்த படங்களிலிருந்து ஒரு பை, ஒரு பாட்டில், ஒரு திரைச்சீலை என்று பொருளை மட்டும் வெட்டியெடுத்து வெளியிட்டு, இது எந்த ஊர்ப் பொருள் என்று மக்களிடம் கேட்கிறார்கள். குழந்தையின் முகமும் வராது, யார் பெயரும் வராது. நமக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணம் செம்மணியில், 2025இல் தோண்டிய புதைகுழியில் எலும்புகளோடு கிடைத்த துணிகளையும் பொருட்களையும் நீதிமன்ற உத்தரவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். காணாமல் போன பிள்ளைகளை வருடக்கணக்காகத் தேடும் தாய்மார்கள் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரு சட்டையைப் பார்த்து இது என் பிள்ளையுடையது என்று சொல்ல, அந்தச் சட்டையைத் துவைத்த கைக்குத்தான் முடியும். மக்களிடம் இருப்பது அந்த அறிவு. அதைத்தான் நாம் கொடுக்க வேண்டும்.

இனி மறுபக்கம்.

2013 ஏப்ரல் 15ஆம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. குண்டு வைத்தவனைக் கண்டுபிடிக்கிறோம் என்று இணையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கிளம்பினார்கள். கூட்டத்தைப் படம் பிடித்த புகைப்படங்களைப் பெரிதாக்கி வட்டம் போட்டார்கள். இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரின் முகஜாடை ஒத்துப்போகிறது என்று அவர் பெயரைப் பரப்பினார்கள். அந்தப் பையன் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்தவன். குடும்பமே அவனைத் தேடி இணையத்தில் ஒரு பக்கம் திறந்து வைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் வசவாகக் கொட்டியது. கொஞ்ச நாள் அதை மூடியே வைத்தார்கள். ஏப்ரல் 23ஆம் தேதி அவன் உடல் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. குண்டுவெடிப்புக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மன்னிப்புக் கேட்டார்கள். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த தாய்க்கு அந்த மன்னிப்பால் என்ன பயன்?

அது அமெரிக்கா என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம், இதே சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் வழியில் வண்டியை நிறுத்தியது. வயதான அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டு அடித்தது. அந்த அம்மா இறந்துபோனார். அடித்தவர்களில் பலர் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

அன்று காலை ஆறு மணிக்கு மருமகள் காபி கொடுத்திருக்கிறார். ஆறே முக்காலுக்குப் பார்த்தால் பெரியவர் அறையில் இல்லை. நாம் எல்லோரும் ஓடினோம். சிசிடிவியில் ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். பெரியவர் வெளியே போனதாகவே இல்லை. ஆனால் 6:25க்கு கேட் அருகே ஒரு பையன் பைக்கோடு நின்றுகொண்டிருந்தான். யார் என்று பார்த்தால், நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாவின் மகன். பத்தொன்பது வயது. பத்து நிமிடத்தில் அந்தப் படம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ‘சரியாக அந்த நேரத்தில் இவன் ஏன் நிற்கிறான்?’ என்று ஒரு வரி. பிறகு எல்லோரும் எழுதினோம். நான் அதை நடைப்பயிற்சிக் குழுவுக்கும் அனுப்பினேன். ஆமாம், நானும்தான். நாம் கொடுத்த படத்தை வைத்து அந்தப் பையனைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

மறுநாள்தான் தெரிந்தது, நம் சிசிடிவி இயந்திரத்தின் கடிகாரம் நாற்பது நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியாது. அது 6:25 என்று காட்டியபோது உண்மையான நேரம் 5:45. பையன் அம்மாவை வேலைக்கு இறக்கிவிட்டு, போன் பேசிவிட்டுப் போயிருக்கிறான். அப்போது பெரியவர் காபியே குடிக்கவில்லை. இயந்திரத்தில் ஏழு மணிக்கு மேல் ஓட்டிப் பார்த்திருந்தால், பெரியவர் தனியாக இடது பக்கம் திரும்பி நடந்து போவது தெளிவாகத் தெரிந்திருக்கும். ஒரே தவறு, போனவரை மறைத்தது, போகாதவனை மாட்டிவிட்டது.

பெரியவர் கிடைத்தது எப்படி? ஏ பிளாக்கில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா குழுவில் ஒரு வரிகூட எழுதவில்லை. குடும்பத்தாரிடம் போய், ‘அவர் உடம்பில் என்ன அடையாளம் இருக்கிறது?’ என்று கேட்டார். இடது கைச் சுண்டுவிரல் நிமிராது என்றார்கள். அதை வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைகளுக்கு நேரில் போனார். இரண்டாவது மருத்துவமனையில், பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தவர் என்று 108 ஆம்புலன்ஸ் கொண்டுவந்து சேர்த்த ‘பெயர் தெரியாத முதியவர்’ ஒருவர் இருந்தார். அந்த வார்டுக்கும் நாம் பரப்பிய படம் போயிருந்தது. ஆனால் அது மகன் கல்யாணத்தில் எடுத்த படம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தையது, கறுப்பு மீசையோடு. கட்டிலில் இருந்தவருக்கு வெள்ளைத் தாடி. யாருக்கு அடையாளம் தெரியும்? சுண்டுவிரலைப் பார்த்துத்தான் அந்த அம்மா கண்டுபிடித்தார்.

சரி, இனி என்ன செய்யலாம்? செயற்குழு முன் நான் வைக்கும் யோசனைகள் இவை.

ஒன்று, காத்திருக்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உடனே 112, குழந்தை என்றால் 1098. குழந்தை காணவில்லை என்றால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லிவிட்டது. ‘அது எங்கள் எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். சி.எஸ்.ஆர். ரசீதோ, எஃப்.ஐ.ஆர். நகலோ கையில் வாங்காமல் வர வேண்டாம்.

இரண்டு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள், குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் இந்த வருடத்துப் படம், உயரம், தழும்பு, மச்சம், சாப்பிடும் மருந்து, பேசும் மொழி, அடிக்கடி சொல்லும் பழைய ஊர்ப் பெயர். மறதி நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் பழைய வீட்டைத் தேடித்தான் போவார்கள். இந்தத் தாள் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும், சங்கத்துக்குத் தர வேண்டாம்.

மூன்று, சிசிடிவி. மாதம் ஒரு முறை கடிகாரத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நம் இயந்திரத்தில் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். ஆகவே சம்பவம் நடந்த அன்றே நகல் எடுத்துப் போலீசிடம் கொடுக்க வேண்டும். குழுவில் போடக் கூடாது.

நான்கு, ஒரே ஒரு செய்தி. ஒருவர் மட்டுமே எழுத வேண்டும். தேதி, நேரம், படம், காவல் நிலையத்தின் எண். ஆள் கிடைத்ததும் ‘கிடைத்துவிட்டார், படத்தை அழித்துவிடுங்கள்’ என்று அதே ஆள் எழுத வேண்டும். நம் பெரியவர் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியும் அவர் படம் இன்னும் எங்கெங்கோ சுற்றுகிறது.

ஐந்து, சந்தேகத்தைக் குழுவில் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்தது இருந்தால், பார்த்ததை மட்டும், பார்த்த நேரத்தோடு, விசாரிக்கிற அதிகாரியிடம் சொல்லுங்கள். ‘பச்சைச் சட்டை போட்டவர் நின்றார்’ என்பது தகவல். ‘அவன்தான் செய்திருப்பான்’ என்பது தகவல் இல்லை.

ஆறு, பழைய விஷயம். நம்மில் யாருக்காவது பத்து, இருபது வருடத்துக்கு முன் பார்த்த ஏதோ ஒன்று மனதில் உறுத்திக்கொண்டிருக்கலாம். இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். கொலைக் குற்றத்துக்குக் காலாவதி கிடையாது. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் காணாமல் போனவர்களையும், அடையாளம் தெரியாத உடல்களையும் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். என் முப்பத்தோரு வருடக் கடனுக்கு, இப்போது தினமும் அரை மணி நேரம் அதை நான் பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் பொருந்தவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. இது யோசனை இல்லை, வேண்டுகோள்.

அந்தப் பையனின் அம்மா பதினோரு வருடம் நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர். அந்த வாரத்தோடு நின்றுவிட்டார். மீதிச் சம்பளத்தை வாங்கக்கூட உள்ளே வரவில்லை, கேட்டிலேயே வாங்கிக்கொண்டு போனார். பெரியவர் கிடைத்ததும் நாம் குழுவில் கைதட்டும் படங்கள் போட்டோம். அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவன் படம் போன குழுக்களுக்கு ‘நாங்கள் சொன்னது தவறு’ என்று ஒரு செய்தி போகவில்லை.

நேற்று இரவு நடைப்பயிற்சிக் குழுவில் நான் எழுதிவிட்டேன். அதோடு முடிந்ததாக நான் நினைக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். பெரியவரின் மகனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர்கள் விருப்பம். திரும்ப வேலைக்குக் கூப்பிடப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை முன்னனுப்பியவர்கள் யாராவது கூட வருவதாக இருந்தால், பின் கேட் அருகே ஒன்பதே முக்காலுக்கு நிற்பேன்.